நடுவில் விட்ட இடம்

பாரிசுக்கு வந்த முதல் வருடம் வள்ளிநாயகி சுவிட்சர்லாந்தைத்தான் வரைந்தாள். அந்த நாட்டுக்கு அவள் போனதில்லை. ரூ பெர்தொனே தெருவில் இராஜதுரை வைத்திருந்த படக்கடையின் பின்னறைக்கு ஒரு திரை வேண்டியிருந்தது. பனிமலை, மலையடியில் நீல ஏரி, கரையில் சிவப்புக் கூரை போட்ட வீடு. லா ஷப்பேல் பகுதியில் அப்போது வந்திறங்கிக்கொண்டிருந்த இளைஞர்கள் அந்தத் திரைக்கு முன்னால் நின்று படம் எடுத்து ஊருக்கு அனுப்பினார்கள். இராஜதுரை ஒரு கோட்டையும் இரண்டு கழுத்துப்பட்டிகளையும் ஆணியில் தொங்கவிட்டிருந்தார். கழுத்துப்பட்டியில் விருப்பம்போல் தெரிவு செய்யலாம். கோட்டு எல்லோருக்கும் ஒன்றுதான். மெலிந்தவர்களுக்கு முதுகுப் பக்கத்தில் உடுப்புக் காயப்போடும் கிளிப்பைப் போட்டு இறுக்கிவிடுவார்.

ஈபிள் கோபுரம் வேண்டும் என்பவர்களுக்கு இன்னொரு திரை இருந்தது. அதையும் வள்ளிநாயகிதான் வரைந்தாள்.

"அண்ணை, கோபுரமும் வேணும், பனிமலையும் வேணும். ரெண்டையும் சேத்து எடுக்கேலாதோ?" என்று ஒருவன் கேட்டான்.

"எடுக்கலாம் தம்பி. உம்மடை அம்மா நம்புவா, அப்பா நம்பமாட்டார். ஆருக்கு அனுப்பப்போறீர் எண்டு முதல் சொல்லும்."

வள்ளிநாயகியின் கணவன் பாலச்சந்திரன் கிழக்கு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினான். மத்தியான வேலைக்கும் இரவு வேலைக்கும் நடுவில் ஓய்வு கிடைக்கும்போது படக்கடைக்கு வந்துவிடுவான். இராஜதுரை அவனைச் சும்மா இருக்க விட்டதில்லை. திரைக்கு முன்னால் நிறுத்தி, "கொஞ்சம் இடப்பக்கம், நாடியைத் தூக்கும்" என்று விளக்குகளைச் சரிபார்ப்பார். வாடிக்கையாளர் வரும்போது எல்லாம் தயாராக இருக்கும். அந்தச் சுவிட்சர்லாந்தில் பாலச்சந்திரன் அளவுக்கு நேரம் நின்றவர் வேறு யாரும் இல்லை. ஆனால் ஒரு படத்திலும் அவன் இல்லை.

வள்ளிநாயகிக்குத் திரை வரைவது புதிய வேலை அல்ல. இலங்கையில், சுன்னாகத்தில் அவள் தகப்பனுக்கு ஸ்டூடியோ இருந்தது. அங்கே லண்டன் மாளிகைப் படிகளையும் காஷ்மீர்த் தோட்டத்தையும் நீர்வீழ்ச்சிகளையும் வரைந்து வளர்ந்தவள். தூள் வர்ணத்தை வச்சிரப் பசையில் குழைத்து, வெள்ளைத் துணியை நிலத்தில் விரித்து, தானும் அதன்மேல் குந்தியிருந்து வரைவாள். ஸ்டூடியோ எரிந்த பிறகு புறப்பட்டு, பாலச்சந்திரனுக்கு ஒரு வருடம் பிந்தி, எண்பத்தைந்தில் இங்கே வந்து சேர்ந்தாள். வந்த கிழமையே இராஜதுரை அவளைத் தேடிப் பிடித்துவிட்டார்.

எண்பத்தைந்து ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இருவரும் லா ஷப்பேலில் ரூ ரிக்கே தெருப் பாலத்தைக் கடந்து நடந்துகொண்டிருந்தார்கள். கிழக்கு நிலையத்திலிருந்து புறப்படும் தண்டவாளங்கள் எல்லாம் அந்தப் பாலத்தின் கீழே விரிந்து கிடக்கும். வள்ளிநாயகி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"என்ன, கால் நோகுதோ?"

"இல்லை. இது வடிவாய்க் கிடக்கு."

பாலச்சந்திரன் எட்டிப் பார்த்தான். நனைந்த சல்லிக்கல், கரி பிடித்த மதில், வரிசையாய்க் கம்பங்கள், எங்கே போவதென்று தெரியாமல் நின்ற சரக்குப் பெட்டிகள். இவற்றுக்கு மேலே சாம்பல் வானம்.

"எது வடிவு?"

"எல்லாம்தான். நான் இவ்வளவு காலமும் காணாத இடங்களைத்தான் கீறினனான். சுவிசை ஆர் கண்டது? இது நான் நிக்கிற இடம். இதைக் கீறப்போறன்."

அவள் குரலில் ஆசை தெரியவில்லை, தீர்மானம்தான் தெரிந்தது. இறைச்சி வாங்கப் போகிறேன் என்று சொல்வதுபோலச் சொன்னாள். அடுத்த ஞாயிறு முதல் பாலத்தில் அவளுக்கு இடம் நிலையாகிவிட்டது. பாலச்சந்திரன் குடை பிடித்தான். போகிற வருகிறவர்கள் அவளைப் பார்த்தார்கள், பிறகு கீழே பார்த்தார்கள், அங்கே ஒன்றும் இல்லாததைக் கண்டு மறுபடியும் அவளைப் பார்த்தார்கள்.

அவர்கள் குடியிருந்த கட்டடத்தில் கீழ்மாடியில் ஜெனவியேவ் என்ற பாண்டிச்சேரி அம்மா இருந்தார். தபால் இலாகாவில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். பிரெஞ்சும் தமிழும் ஒரே வேகத்தில் பேசுவார். கால்வாய்ப் பக்கத்தில் ஓவியர் சங்கம் ஒன்று இருப்பதையும், அது ஒவ்வொரு மே மாதமும் கண்காட்சி நடத்துவதையும், யார் வேண்டுமானாலும் படம் கொண்டுபோய்க் காட்டலாம் என்பதையும் அவர்தான் விசாரித்து வந்து சொன்னார். அன்றிலிருந்து வள்ளிநாயகிக்கு ஒரே எண்ணம். அந்தச் சுவரில் தன்னுடைய இயற்கைக் காட்சி ஒன்று தொங்கவேண்டும். யாரும் முன்னால் நிற்காத படம். படத்துக்காகவே ஆட்கள் வந்து பார்க்கிற படம்.

சித்திரையில் மூவரும் வரைந்த துணியைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு போனார்கள். தெரிவுக் குழுத் தலைவர் ரொபேர் என்பவர், வெள்ளை மீசைக்காரர். துணியைத் தரையில் விரித்ததும் சுற்றிச் சுற்றி நடந்து பார்த்தார். குந்தியிருந்தும் பார்த்தார். பிறகு ஜெனவியேவிடம் நீளமாகப் பேசினார்.

"கை நல்ல கைன்றாரு" என்றார் ஜெனவியேவ். "வானம் ரொம்ப நல்லா வந்திருக்காம். ஓரத்துல இருக்குற மதிலு, பொட்டிங்க எல்லாம் பிரமாதமாம். ஆனா நடுவுல ஒண்ணுமேயில்லையாம்மா. யாரோ நடுவுல ஒக்காந்திருந்து எழுந்து போயிட்ட மாதிரி இருக்காம்."

"அப்ப எடுக்கமாட்டினமாமோ?"

"இத எடுக்க முடியாதாம். ஆனா உங்க ஊரு படம் ஒண்ணு கொண்டாந்தா உடனே மாட்டுறேன்றாரு. பனமரம், கடலு, மாட்டு வண்டி, அந்த மாதிரி. நல்ல கலரா."

வள்ளிநாயகி துணியைச் சுருட்டத் தொடங்கினாள். "எங்கடை ஸ்டூடியோவிலை ஒருநாளும் பனை கீறினதில்லை எண்டு சொல்லுங்கோ அக்கா. பனைக்கு முன்னாலை நிண்டு ஆர் காசு குடுத்துப் படம் எடுக்கிறது? வாசலைத் திறந்துகொண்டு வெளியிலை போய் நிண்டால் சரி."

ஜெனவியேவ் சிரித்துவிட்டு ஏதோ இரண்டு வார்த்தை சொன்னார். முழுவதையும் சொல்லவில்லை என்பது பாலச்சந்திரனுக்கு விளங்கியது.

"நடுவைத் திருத்திக்கொண்டு அடுத்த வரியம் வாறன். அதையும் சொல்லுங்கோ."

சொன்னாளே தவிர, நடுவில் என்ன பிழை என்று அவளுக்கே பிடிபடவில்லை. படத்தை அறைச் சுவரில் அடுப்புக்கு எதிரே ஆணியடித்துத் தொங்கவிட்டாள். சமைக்கும்போது பார்ப்பாள். சாப்பிடும்போது பார்ப்பாள். எல்லாம் இருந்த இடத்தில்தான் இருந்தன. பாலத்திலிருந்து பார்க்கும்போது தெரிந்த எதையும் அவள் விடவில்லை என்றுதான் நினைத்தாள்.

ஒரு பின்னேரம் பாலச்சந்திரன் இரவு வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தான். அறை சின்னது. கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் நின்றுதான் சட்டைப் பொத்தான் போடவேண்டும். படத்துக்கு முதுகைக் காட்டி நின்றவனுக்குத் தன் தோள்கள் தானாக நிமிர்வது தெரிந்தது. நாடியும் உயர்ந்தது.

"இஞ்சை நிண்டால் இராஜதுரை அண்ணையின்ரை கடையிலை நிக்கிற மாதிரிக் கிடக்கு" என்றான். "கண்ணைச் சிமிட்டாதையும் எண்டு இப்பச் சொல்லுவார்."

கட்டிலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த வள்ளிநாயகி தலையைத் தூக்கினாள். கத்தி நின்றது.

"அசையாதையுங்கோ."

"நேரம் போகுது வள்ளி."

"அப்படியே நில்லுங்கோ!"

அவள் பார்த்தாள். அவன் தலையைச் சுற்றி வானம் வெளிறி, விளக்குப் போட்டதுபோல் இருந்தது. தண்டவாளங்கள் அவன் இரண்டு தோள்களையும் தொடாமல் ஒதுங்கி ஓடின. ஒரு கம்பமும் அவன் காதில் முட்டவில்லை. அடிவானக் கோடு சரியாக அவன் இடுப்பில் வந்து நின்றது. கம்பங்கள் நிறைந்த அந்த வெளியில் எல்லாம் ஓரத்துக்கு விலகி நின்று அவனுக்கு வழிவிட்டிருந்தன.

"என்ரை கை என்னை ஏமாத்திப்போட்டுது" என்றாள்.

ஸ்டூடியோத் திரைக்கென்று ஒரு முறை உண்டு. நடுவில் ஆள் நிற்பார். ஆகவே நடுவில் எதையும் வைக்கக்கூடாது. மரத்தை வைத்தால் தலையில் மரம் முளைக்கும். குறுக்கே கோடு இழுத்தால் கழுத்தை வெட்டும். ஆகவே வேலையெல்லாம் ஓரங்களில். நடுவில் மெல்லிய வர்ணத்தைப் பூசி விட்டுவிடுவது. இதை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கத் தேவைப்படவில்லை. ஒருமுறை பிழைவிட்டால் வாடிக்கையாளர் வந்து சண்டை பிடிப்பார், அவ்வளவுதான். இத்தனை வருடப் பழக்கத்தில் அவள் பாலத்திலிருந்து பார்த்ததையும் அப்படியே வரைந்துவிட்டாள். அங்கே யார் வந்து நிற்கப் போகிறார்கள் என்று கேட்காமலே இடம் விட்டிருந்தாள்.

முதலில் சிரித்தாள். பாலச்சந்திரனும் சிரித்தான். பிறகு அவளுக்குக் கோபம் வந்தது. வெங்காயத்தை வைத்துவிட்டு எழுந்து, ஆணிகளைக் கழற்றி, படத்தைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

"இனி நடுவிலையிருந்து தொடங்குவன். முதல் நடு. பிறகு மிச்சம்."

சொல்வது எளிது. மழைக்காலம் முழுக்க அவள் பாலத்தில் நின்று நடுவை மாத்திரம் பார்த்தாள். தண்டவாளங்களுக்குக் குறுக்கே ஒரு பெரிய இரும்புச் சட்டம் நின்றது. அதில் சிக்னல் விளக்குகள். போன முறை அதை அவள் ஓரத்துக்குத் தள்ளிச் சிறிதாக்கியிருந்தாள். இந்த முறை வெறுந்துணியின் நடுவில் முதல் கோடாக அதையே இழுத்தாள்.  அடுத்த ஞாயிறு அதன்மேல் வரைந்துவிட்டுப் பார்த்தபோது அது அவள் அறியாமலே ஓரத்துக்கு நகர்ந்திருந்தது. அழித்தாள். மறுபடியும் இழுத்தாள். பழைய கை விடுவதாக இல்லை. அவளும் விடுவதாக இல்லை.

எண்பத்தேழு தையில் பாரிசில் பனி கொட்டியது. தகரத்தில் இருந்த பசை உறைந்து கட்டியானது. பாலச்சந்திரன் உணவகத்திலிருந்து சுடுதண்ணீரைப் போத்தலில் கொண்டுவந்து, வாளியில் ஊற்றி, தகரத்தை அதற்குள் வைத்துக் கரைத்துக் கொடுத்தான். அவள் விரல்கள் வெடித்திருந்தன. "இண்டைக்குக் காணும், வாரும்" என்றால், "அந்தச் சட்டத்திலை பனி எப்பிடி இருக்குதெண்டு பாத்திட்டு வாறன்" என்பாள். பல வருடங்கள் கழித்து, அவள் இறந்த பிறகும் பாலச்சந்திரன் அந்தப் பாலத்துக்குப் போவதுண்டு. அவளுடைய படங்கள் எல்லாம் எங்கெங்கோ போய்விட்டன. ஆனால் பனி நாளில் கீழே பார்த்தால், எந்த இடத்தில் அவள் வெள்ளைக்குள் கொஞ்சம் மஞ்சள் சேர்த்தாள் என்பது அவனுக்கு இன்றும் தெரியும்.

ஈரத்தில் வர்ணம் காயவில்லை. அறையில் வைத்தால் பூஞ்சணம் பிடித்தது. படக்கடைப் பின்னறையில் நல்ல கணகணப்பு இருந்தது. இராஜதுரையைக் கேட்டாள்.

"பிள்ளை, கொண்டுவந்து வையும். ஆனால் ஒண்டு கேக்கிறன், கோவியாதையும். றெயில் றோட்டைக் கீறி என்ன செய்யப்போறீர்? சனம் றெயில் றோட்டுக்குப் பக்கத்திலை இருக்கிறதை ஊருக்கு மறைக்கத்தான் என்னட்டை வருகுது."

"அது உங்கடை கடைக்கில்லை அண்ணை."

"கடைக்கில்லாட்டி வேறை ஆருக்கு?"

 அவள் படத்தை மரச்சட்டத்தில் அடித்துப் பின்னறைச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை. சுவிட்சர்லாந்துத் திரையில் யாரோ கோப்பியை ஊற்றிவிட, வள்ளிநாயகி ஏரியைத் திருத்தி ஈரத்தோடு விட்டிருந்தாள். கோபுரத் திரையை ஒரு கலியாண வீட்டுக்குக் கொடுத்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்து வாமதேவன் என்ற இளைஞன் கூசேன்வில் என்ற புறநகரிலிருந்து வந்தான். விமான நிலையத்தில் சுமை ஏற்றுகிற வேலை. பெண் வீட்டார் படம் கேட்டிருக்கிறார்கள், இன்றைக்கே வேண்டும், திங்கட்கிழமை ஊருக்குப் போகிற ஒருவரிடம் கொடுத்துவிட வேண்டும் என்று நின்றான். இராஜதுரை அங்குமிங்கும் பார்த்தார். சாய்த்து வைத்திருந்த படத்தைத் தூக்கி நேரே நிறுத்தினார். மங்கலாக எடுத்தால் ஏதோ பனித்தேசம் மாதிரி வரும் என்று கணக்குப் போட்டு, அவனை அதற்கு முன்னால் நிறுத்தினார்.

மூன்றாம் நாள் வாமதேவன் கடைக்குள் வந்தபோது பாலச்சந்திரனும் வள்ளிநாயகியும் அங்கே நின்றார்கள். அவன் படத்தை மேசையில் போட்டான்.

"அண்ணை, உதென்ன வேலை செய்து வச்சிருக்கிறியள்? கொண்டுபோறவர் படத்தைப் பாத்திட்டு, மாப்பிள்ளைக்குக் கொம்பு கிடக்கு எண்டு திருப்பித் தந்திட்டார்!"

பாலச்சந்திரன் எட்டிப் பார்த்தான். வாமதேவனின் தலைக்கு மேலே இரும்புச் சட்டம் கிரீடம்போல் எழுந்து நின்றது. வலக் காதிலிருந்து ஒரு கம்பம் முளைத்திருந்தது. ஒரு தண்டவாளம் கழுத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனது. நெற்றிக்கு நேர் மேலே சிவப்பு விளக்கு.

"அந்தச் சிவப்பு லைட்டைப் பாத்துத்தான் பொம்பிளை வீட்டார் நிண்டுபோடுவினம்" என்றார் இராஜதுரை, சிரிப்பை அடக்க முடியாமல்.

"பகிடி விடாதையுங்கோ அண்ணை. எனக்கு வயசு போகுது."

வள்ளிநாயகி அந்தப் படத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். அவள் முகம் மலர்ந்துகொண்டே போனது.

"தம்பி, உமக்கு நான் இண்டைக்கே புதுசாய் ஒரு திரை கீறித் தாறன். மலை, ஏரி, பூக்கண்டு, எல்லாம் போட்டு. இந்தப் படத்தை எனக்குத் தாரும்."

"உதை வச்சு என்ன செய்யப்போறியள் அக்கா?"

"இதுக்கு முன்னாலை ஒருத்தரும் நிக்கேலாது" என்றாள் அவள், பாலச்சந்திரனைப் பார்த்து. "கண்டியளே? ஒருத்தரும் நிக்கேலாது!"

சொன்னபடியே வாமதேவனுக்கு வரைந்து கொடுத்தாள். அந்த ஏரியின் நடுவில் தாராளமாக இடம் விட்டாள்.

சித்திரையில் ரொபேர் புதிய தண்டவாளப் படத்தைக் கண்டதும் சுற்றி நடக்கவில்லை. ஒரே இடத்தில் நின்றார். குழுவில் இருந்த மற்றவர்களைக் கூப்பிட்டார். அவர்கள் தங்களுக்குள் வாக்குவாதப்பட்டார்கள். ஒரு பெண் தலையை ஆட்டி ஆட்டி மறுத்தாள். கடைசியில் ரொபேர் வந்து வள்ளிநாயகியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"எடுத்துக்கிட்டாங்கம்மா!" என்றார் ஜெனவியேவ்.

கண்காட்சி தொடங்கும் நாள் பாலச்சந்திரன் மத்தியான வேலை முடிந்து நேரே மண்டபத்துக்குப் போனான். வள்ளிநாயகி மாம்பழ நிறச் சேலை உடுத்து, மேலே குளிர்ச் சட்டை போட்டு, ஜெனவியேவோடு வாசலில் நின்றாள். மூவரும் உள்ளே போனார்கள். பெரிய சுவர் முழுக்க இயற்கைக் காட்சிகள். ஆறுகள், கோதுமை வயல்கள், பாலங்கள். ஒவ்வொன்றின் கீழும் ஓர் அட்டை. வரைந்தவர் பெயர், அதன் கீழ் 'பெயிசாஜ்', அதாவது இயற்கைக் காட்சி, பிறகு இடத்தின் பெயர். அவர்கள் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார்கள். அவளுடைய படம் இல்லை.

அது கோட்டுகள் தொங்கவிடும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரு மூலையில் இருந்தது. ஒரு பக்கம் மர முகமூடிகள், மறுபக்கம் பத்திக் சாயம் போட்ட துணி ஒன்று. அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று வள்ளிநாயகி கேட்டாள். ஜெனவியேவ் கொஞ்சம் தயங்கினார்.

"தூர தேசத்துக் கலைன்னு போட்டிருக்காங்க. அப்புறம் இலங்கைன்னு."

"இது இலங்கையோ?"

"வுடும்மா. மாட்டுனதே பெரிசு. அடுத்த வருசம் சொல்லிக்கலாம்."

"அக்கா, இது கோட்டுத் தொங்கப்போடுற இடம்."

பாலச்சந்திரன் அவள் முகத்தைப் பார்த்தான். பனியில் பாலத்தில் நின்ற முகம்தான். இனி என்ன சொல்லியும் பயனில்லை என்று அவனுக்குத் தெரியும்.

"அந்தப் பக்கத்தைப் பிடியுங்கோ" என்றாள்.

"என்னத்தை?"

"படத்தை. மெல்லத் தூக்குங்கோ, கொழுவி இருக்கு."

இருவரும் கழற்றினார்கள். மண்டபத்தின் நடுவால் அதைச் சுமந்துகொண்டு நடந்தார்கள். பேசிக்கொண்டிருந்தவர்கள் விலகி வழிவிட்டார்கள். பெரிய சுவரில் ஒரு கோதுமை வயலுக்கும் ஓர் ஆற்றுக்கும் இடையில் கொஞ்சம் வெற்றிடம் இருந்தது. ஆணி இல்லை. வள்ளிநாயகி படத்தைச் சுவரோடு சேர்த்துத் தூக்கிப் பிடித்தாள். பாலச்சந்திரன் மற்றப் பக்கத்தைப் பிடித்தான்.

ரொபேர் ஓடிவந்தார். கைகளை விரித்து ஏதேதோ சொன்னார். திறந்துவைக்க வருகிற பெரிய மனிதரின் கார் வந்துவிட்டது என்று ஜெனவியேவ் பதறிக்கொண்டு மொழிபெயர்த்தார். பிறகு பார்த்துக்கொள்ளலாமாம், இப்போது இறக்கிவிடட்டுமாம்.

வள்ளிநாயகி தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் நேரே அவரிடம் சொன்னாள். "பெயிசாஜ், முசே. லா ஷப்பேல்."

அவர் மறுபடியும் ஏதோ சொன்னார்.

"பெயிசாஜ்" என்றாள் அவள்.

வாசலில் கைதட்டும் சத்தம் கேட்டது. படத்தின் சட்டம் பாரமானது.  இரவு வேலைக்குப் பாலச்சந்திரன் இதற்குள் புறப்பட்டிருக்க வேண்டும். முதலாளியின் முகம் ஒருமுறை கண்ணுக்குள் வந்து போனது.

"கை நோகுதோ?" என்று அவள் படத்தின் அந்தப் பக்கத்திலிருந்து கேட்டாள்.

"ஓம்."

"எனக்கும் நோகுது. விட்டிடாதையுங்கோ."

அவன் பிடியை மாற்றி, தோளையும் கொடுத்துத் தாங்கினான். கூட்டம் அவர்களைச் சுற்றி நின்றது. ஒரு கிழவி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெருங்கி வந்து, அவர்கள் இருவரையும் பார்க்காமல் படத்தை மாத்திரம் பார்த்தாள். சிக்னல் சட்டத்தை விரலால் காட்டிப் பக்கத்தில் நின்றவரிடம் எதையோ சொன்னாள். அவரும் குனிந்து பார்த்தார். பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

ரொபேர் மீசையைத் தடவிக்கொண்டு வாசலைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், வள்ளிநாயகியின் வெடித்து ஆறிய விரல்களைப் பார்த்தார். பிறகு கோதுமை வயலை ஒரு சாண் தள்ளி மாட்டச் சொல்லி, சுத்தியல் கொண்டுவர ஆள் அனுப்பினார்.